திருமதி ப்ரூவிட் அனுப்பிய பரிசு

"ப்ரூவிட் மேடத்துக்கு இன்னும் எழுதலையா?" என்று மாமியார் போனில் கேட்டபோது லிண்டி கல்யாணப் பரிசுகளுக்கான நன்றிக் கடிதங்களில் கடைசித் தபால்தலையை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அவங்க பரிசு வரவே இல்லையே, அத்தை."

"தபால்ல அனுப்பறேன்னு கல்யாணத்துல அத்தனை பேர் எதிர்லயும் சொன்னாங்களே."

"வழியில தொலைஞ்சிருக்கும். கேட்டுப் பாக்கட்டுமா?"

"கேக்கறதா? எங்கே என் பரிசுன்னு வாசல்ல போய் நிக்கிற மாதிரி இருக்கும். எழுதாம விட்டா, திமிர் பிடிச்ச மருமகள்னு பேராகும். உன் புருஷன் ராய்ஸுக்குப் பழக் கிடங்குல மேனேஜர் வேலை குடுக்கப்போறது அவங்க வீட்டுக்காரர். பாத்துக்க."

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சிற்றூர்களில் நன்றிக் கடிதத்துக்கு ஓர் அமைப்பு உண்டு. முதல் வரியில் பரிசின் பெயர். அடுத்து, அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது. இதுதான் கடிதத்தின் உயிர். பரிசைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததற்கு இதுவே அத்தாட்சி. பிறகு, திருமணத்துக்கு வந்ததற்கு ஒரு வார்த்தை. முடிவில் மறுபடியும் நன்றி. பெயர் தெரியாத பொருளுக்கு முதல் வரி எழுத முடியாது. எனவே லிண்டி இரண்டாவதிலிருந்து தொடங்கினாள்: 'நீங்கள் அனுப்பியதைத் தினமும் பயன்படுத்துகிறோம்.'

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் திருமதி ப்ரூவிட் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடிதம் வந்தது கண்ணு. தினமும்னு எழுதியிருந்தியே, எப்பன்னு சொல்லு, கேக்கலாம்."

"சாப்பிடற நேரத்துல, மேடம்."

"ஓ, சாப்பிடற நேரத்துல." அவர் சற்று யோசித்தார். "பளபளப்பு அப்படியே இருக்கா?"

"தேய்ச்சுத் தேய்ச்சு வைக்கிறேன்."

"அப்ப சனிக்கிழமை நாங்க ரெண்டு பேரும் சாப்பிட வர்றோம். உன் மேஜையில அது எப்படி இருக்குன்னு பாக்கணும்."

வீட்டில் ராய்ஸ் தலையைச் சொறிந்தான். "பளபளப்புன்னா வெள்ளிதான். தட்டா, கரண்டியா, தேநீர்க் கூஜாவா?"

"தெரிஞ்சா உன்கிட்ட ஏன் புலம்பறேன்?"

"அப்ப எல்லாத்தையும் வெச்சிடு."

எல்லாம் வைப்பதென்றால் இரவல் வாங்க வேண்டும். அக்கம்பக்கத்திலிருந்து கூஜாவும் குழம்புக் கிண்ணமும் வந்தன. வேலைப்பாட்டை உற்றுப் பார்க்க முடியாதபடி லிண்டி விளக்கை அணைத்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். மாமியாரின் பெரிய தட்டில் அவர் பெயரின் முதலெழுத்து பொறித்திருந்தது. அதன்மேல் பொரித்த கோழியை அடுக்கினாள். திரு ப்ரூவிட் நன்றாகச் சாப்பிடுகிறவர். அவர் ஒரு துண்டை எடுத்தபோதெல்லாம் எழுத்தின் வால் தெரிந்தது. உடனே லிண்டி இன்னொரு துண்டை வைத்தாள்.

"நீயும் உக்காந்து சாப்பிடேன், கண்ணு."

"பரவாயில்ல மேடம், நின்னே பழகிடுச்சு."

திருமதி ப்ரூவிட்டின் பார்வை கூஜாவில் நின்றது. கிண்ணத்துக்குப் போனது. தட்டுக்கு வந்தது. மறுபடி கூஜாவுக்குப் போனது.

"எவ்வளவு அழகா வெச்சிருக்கே," என்றார், எதையும் குறிப்பிடாமல்.

கோழி தீர்ந்தது. இனிப்பு எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு லிண்டி சமையலறைக்கு ஓடினாள். பின்னாலேயே திரு ப்ரூவிட் வந்து கதவைச் சாத்தினார். மேனேஜர் வேலை போயிற்று என்று அவள் முடிவுசெய்துகொண்டாள்.

"ஏம்மா," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "அதுல நாங்க குடுத்தது எதுன்னு மட்டும் காட்டிடு. பரிசு அனுப்பவே மறந்துட்டோமேன்னு கடைக்குக் கிளம்பின என் வீட்டுக்காரி, உன் கடிதத்தைப் பாத்ததுலேருந்து என்னத்த அனுப்பினோம்னு கேட்டு என் உயிரை எடுக்கறா."