பொட்டு வச்ச ஆக்ஸில்

போன வெள்ளிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். பிக்கப் வண்டியோட பின் சக்கரத்து ஆக்ஸில மாத்திட்டு, சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள ஜெராம்ல மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேரணும்.

மறுநாள் என் மச்சானுக்குக் கல்யாணம். மச்சான்னா, என் பொண்டாட்டி கோகிலாவோட தம்பி. வாழை மரம், அண்டா, குத்துவிளக்கு எல்லாம் புக்கிட் பெலிம்பிங்ல எங்க வீட்டுலேருந்துதான் போகணும்.

போன விசேஷத்துக்கு நான் கொண்டு போன சாம்பார், வண்டி வழியில படுத்ததால, எல்லாரும் மோர் ஊத்திச் சாப்பிட்டு எந்திரிச்ச பிறகுதான் போய்ச் சேந்துச்சு. மாமியார் சிரிச்ச முகத்தோட அத வாங்கி ஓரமா வச்சாங்க. அதுதான் பயமே! இந்தத் தடவையும் லேட்டானா, நான் அந்த வீட்டு மாப்பிள்ளைன்னு வெளிய சொல்லிக்க முடியாது.

வண்டியோ ரெண்டு வாரமா பின் சக்கரத்துல 'ங்ஙொய்ய்'னு அழுவுது. ஆக்ஸில் தேஞ்சு போச்சு. வொர்க்‌ஷாப்புல கேட்டா, "அடுத்த வாரம்தான் முடியும் லா"ன்னுட்டாங்க.

சரி, நம்மளே மாத்திருவோம்! மூணு வீடியோ பாத்தேன். மூணு வீடியோவுலயும் அந்த ஆளு சிரிச்சுக்கிட்டே மாத்துறான்.

காலையிலேயே ஹாஃப்கட் கடைக்குப் போனேன். பழைய வண்டிகள வெட்டி சாமான் விக்கிற கடை. கடைக்கார பாய் எண்ணெயும் கரியுமா ஒரு ஆக்ஸில எடுத்துத் தந்தாரு. ஒரு முனையில தட்டு வச்ச இரும்புத் தண்டு.

"பாக்கத்தான் அழுக்கு தம்பி. நல்ல சாமான்."

"எனக்குத் தெரியாதா பாய்!"

வீட்டுக்கு வந்து வண்டிய ஜாக்கில தூக்கி, டயரக் கழட்டி, பிரேக் டிரம்மக் கழட்டி, நாலு நட்டக் கழட்டி, பழைய ஆக்ஸில உருவி எடுக்குறதுக்குள்ள என் இடுப்பும் கழண்டு போச்சு.

பழசு ஒரே ஆயிலு. பழைய இரும்புக்குப் போட்டாலும் சுத்தமா போடுவோமேன்னு மண்ணெண்ணெய் ஊத்தித் தேச்சேன். பளபளன்னு ஆயிருச்சு! அந்தப் பெருமையில ரெண்டையும் அங்கேயே வச்சுட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தா கோகிலா கையில ஆக்ஸிலோட நிக்கிறா. சந்தனம், குங்குமம், மேல ஒரு முழம் மல்லி! எங்க வீட்டுல புதுசா எது வந்தாலும், கேஸ் டியூப்பா இருந்தாலும் சரி, பொட்டு வைக்காம மாட்ட முடியாது.

"கல்யாண வேலைங்க! சும்மா அப்படியே மாட்டுவீங்களா? சாமிக்குக் காட்டிட்டேன், இந்தாங்க."

பூவ மட்டும் எடுத்துட்டு பயபக்தியோட சொருகினேன். வழுக்கிக்கிட்டு உள்ள போச்சு! அளவெடுத்துச் செஞ்ச மாதிரி! "பாத்தியா, கைராசி"ன்னு மீசைய முறுக்கினேன். மீசையெல்லாம் கிரீஸ்.

மணி மூணு. டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிட்டு ஒரு ரவுண்டு போனேன்.

'ங்ஙொய்ய்!'

அலமாக்! அதே சத்தம். அதே சுருதி!

வந்ததே கோபம்! பாய்க்குப் போன் போட்டேன். "என்ன சாமான் குடுத்தீங்க பாய்? என் பழசும் இப்படித்தான் கத்துச்சு, உங்களோடதும் இப்படியே கத்துது!"

பாய் பதறவே இல்ல. "தட்டு நடுவுல மஞ்சப் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுருப்பேன். இருக்கான்னு பாருங்க தம்பி."

சக்கரத்து நடுவுல குனிஞ்சு பாத்தேன். "பெயிண்ட் எங்க பாய் இருக்கு? குங்குமம்தான் இருக்கு!"

"குங்குமம் நான் வைக்கல தம்பி."

அந்த நேரம் பாத்து கோகிலா வந்தா. கையில கரி பிடிச்ச தண்டு. "ஏங்க, இந்தப் பழசத் தூக்கிப் போட்டுரலாமா? மஞ்சளா என்னமோ கோடு வேற இருக்கு."

போன்ல பாய் சிரிச்ச சிரிப்பு இருக்கே!

நான் தேச்சுப் பளபளப்பாக்கின பழசுக்குப் போய் அவ பொட்டு வச்சிருக்கா. பொட்டப் பாத்துட்டு நானும் அதுதான் புதுசுன்னு நம்பிட்டேன். ரெண்டு மணி நேரம் கழட்டினத, ரெண்டு மணி நேரம் செலவழிச்சு திரும்ப அங்கேயே மாட்டியிருக்கேன்!

"பளபளன்னு இருக்குறதுதானே புதுசு?"ன்னா கோகிலா. எனக்கே அப்படித்தானே தோணுச்சு!

அப்புறம் பாரு ஓட்டத்த! வீடியோ கால்ல பாய், "அந்த நட்டு இல்ல தம்பி, பக்கத்துல!"ன்னு கத்துறாரு. கோகிலா பட்டுப்புடவையோட ஸ்பேனர் எடுத்துத் தர்றா. நாலரைக்கு மாட்டி முடிச்சேன். வண்டியில சத்தமா? மூச்!

அஞ்சுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது ஜெராம் வீட்டு வாசல்ல பிரேக் போட்டேன். குதிக்காத குறைதான், அவ்வளவு சந்தோஷம்! மாமியாருக்கு வாயெல்லாம் பல்லு. "மாப்பிள்ளையே ஆக்ஸில் மாத்தினாராமே!"

கோகிலா அசராம சொன்னா: "ஒரே நாள்ல ரெண்டு தடவ மாத்தினாரும்மா."

மொத்தச் சொந்தமும் வாயப் பிளந்துச்சு. கோகிலாவோட பெரிய மாமா வந்து தோள்ல கை போட்டாரு. "மாப்ள, என் லோரியிலயும் பின்னால ஒரு சத்தம் வருது..." அவருக்குப் பின்னால இன்னும் ரெண்டு பேரு நிக்கிறாங்க.

மானம் தப்பிச்சுருச்சு, இனி வர்ற ஞாயித்துக்கிழமைங்கதான் எல்லாம் போச்சு.