தொண்டியாற்றங்கரையில் நான் போட்ட மஞ்சள் அம்புகள்

அக்கா கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தவன் நான்தான். ஆயுதம், அரை லிட்டர் மஞ்சள் பெயின்ட்.

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். (வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.) வேல்ஸ் நாட்டில் எனக்கொரு பேனா நண்பன். தன் ஊர்ப் பள்ளத்தாக்கின் வரைபடம் ஒன்றை அனுப்பினான். ஆற்றை ஒட்டியே மைல்கணக்கில் ஒற்றையடிப் பாதை. யார் வயலானாலும் உள்ளே புகுந்து நடக்கலாம். வழி தவறாமலிருக்க மரத்துக்கு மரம் மஞ்சள் அம்பு. எதற்கு நடக்கிறார்கள்? சும்மா, ஆறு பார்க்க.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வேல்ஸுக்கு உள்ள பாதை எங்கள் ஊர் வல்லத்துக்கு வேண்டாமா? எங்கள் மல்லாட்டைக் கொல்லையும், அதாவது வேர்க்கடலை வயலும், ஆற்றோரம்தானே? அப்பா சந்தைக்குப் போன நாளில் பனைமரம், புங்கமரம், மோட்டார் ரூம் என்று ஒன்று விடாமல் அம்பு போட்டேன்.

மறுநாள் கண்டாச்சிபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெண்ணைப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். "அப்டியே கொல்லையயும் பாத்துட்டு வந்துடலாங்களா?"

எல்லோரும் கிளம்பினோம். முதல் பனையிலேயே அவர் நின்றுவிட்டார்.

"என்னாங்க இது மார்க்கு?"

"தெரியலீங்களே. முந்தாநாள் இல்லீங்க" என்றார் அப்பா.

"எங்க பங்காளி நெலத்துலயும் இப்டித்தான். மொதல்ல மரத்துல பெயின்ட்டு. அப்பறம் டேப்பு புடிச்சிக்கினு வந்தானுங்க. இப்ப அங்க பஸ்ஸு போவுது. கொல்ல ரோட்டுக்குப் போறத மறைச்சி சம்மந்தம் பேசறீங்களா?"

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வீட்டில் அக்கா பட்டுப்புடவையோடு காத்திருந்தாள். நான் வாயைத் திறக்காவிட்டால் சம்பந்தம் அத்தோடு சரி.

"அது நான் போட்டதுங்க மாமா."

"நீயா? எதுக்கு?"

"நடக்கறதுக்குங்க."

"எங்க போறதுக்கு?"

"எங்கயும் இல்லீங்க. சும்மா ஆத்தப் பாத்துக்கினே போலாம்னு."

அவர் ஆற்றைப் பார்த்தார். சித்திரை மாசம். நட்ட நடு ஆற்றில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன.

"அதுல என்னாத்தப் பாப்ப? சரி, நட. காட்டு."

நான் முன்னால். பின்னால் பட்டுப்புடவையும் பட்டுவேட்டியுமாகப் பன்னிரண்டு பேர், உச்சி வெயிலில், அம்பு அம்பாக. முள் குத்தி ஒரு அத்தை என் படிப்பையே திட்டினார். அரை மைல் தாண்டி ஒரு வேலிக்காத்தான் புதரைக் காட்டியபடி நின்றது கடைசி அம்பு.

"அப்பறம்?"

"பெயின்ட்டு தீந்துடுச்சிங்க."

மாப்பிள்ளையின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் திரும்பினார்.

"கவர்மென்ட்டு கூட இவ்ளோ கேவலமா அம்பு போடாதுங்க. சந்தேகம் தீந்துது. வாங்க, தட்டு மாத்திக்கலாம்."

(வீடு வந்து சேரும்வரை அப்பா என்னைப் பார்த்த பார்வை தனிக் கதை.)

இன்றைக்கும் எங்கள் இரண்டு குடும்பத்திலும் உருப்படாத காரியத்துக்கு 'அம்பு போடுவது' என்றுதான் பெயர். போன வருஷம் அக்கா மகன் நல்ல வேலையை விட்டுவிட்டுக் காளான் வளர்க்கப் போவதாகச் சொன்னான். அக்கா அழவில்லை, அவனைத் திட்டவில்லை. நேராக எனக்குப் போன் போட்டாள்.

"டேய், உன் மருமவன் அம்பு போட்டுக்கினு கீறான். நீயே வந்து என்னான்னு கேளு."