தாமதமானால் அபராதம்

கான்கிரீட் கலவை மிஷின் ஓடவில்லை. ஓட்ட வேண்டியவர்கள் வேப்பமரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஆருங்க இவங்களுக்கு இத்தனை சோறு போட்டது?” என்றார் திருமூர்த்தி.

“நாந்தானுங்க. வேலை செய்யறவங்க வகுறு நெறையோணுமல்லங்க?” என்றார் எதிர்வீட்டுத் தெய்வாத்தாள்.

பெருமாநல்லூர் பக்கம், பனியன் கம்பெனிக்காரர்கள் குடியிருக்கும் தெரு அது. தெருச் சங்கமே பணம் போட்டு ரோடு போடுகிறது. திருமூர்த்தி தனியாக எடுத்த முதல் கான்ட்ராக்ட். மனைவியின் வளையலை அடகு வைத்துத்தான் மிஷினையே வாடகைக்கு எடுத்திருந்தார். ஒப்பந்தம் கறாரானது: சீக்கிரம் முடித்தால் சங்கம் போனஸ் தரும், தாமதமானால் நாளுக்கு இவ்வளவு என்று அவர் சங்கத்துக்கு அபராதம் கட்ட வேண்டும்.

மறுநாள் முந்திக்கொண்டார். “பசங்க இன்னிக்கு விரதமுங்க. சோறு வேண்டாமுங்க.”

“அடடா, விரதமுங்களா?” தெய்வாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் நாலு வீட்டிலிருந்து பழமும் பாயசமும் வந்தன. கூடவே பஜனையும். பொழுது சாய்ந்துவிட்டது.

எப்படியோ பாதித் தெருவுக்குப் போட்டு முடித்தார். சங்கத் தலைவர் பொங்கியண்ணனிடம், “கொஞ்சம் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு சிமெண்ட் வாங்கப் போனார். திரும்பி வந்தால், ஈரக் கான்கிரீட்டின் மேல் ஹோஸ் பைப்பில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

“கான்கிரீட்டுக்குத் தண்ணி உடோணுமல்லங்க? உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நானே உட்டேனுங்க.”

“அது இறுகின பொறகுங்க!”

அத்தனையையும் பெயர்த்துவிட்டு மறுபடி போட்டார். இந்த முறை காவலுக்கு ஆள் கேட்டார். தலைவர் தன் கம்பெனி வாட்ச்மேன் நல்லானை அனுப்பினார். நல்லான் ரோட்டுக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, ஈர ரோட்டில் துணி லாரியை உள்ளே விட்டான்.

“ஏற்றுமதிச் சரக்குங்க. நிக்க வெக்க முடியுங்களா?”

கெடு தாண்டியது. திருமூர்த்திக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. மற்ற தெருக்களில் ஒரு நாள் பிந்தினாலே சட்டையைப் பிடிப்பார்கள். இங்கேயோ, “அவசரமில்லீங்க, நிதானமா போடுங்க” என்று டீயை நீட்டுகிறார்கள். இப்படியும் மனுஷர்களா என்று வியந்தபடியே வாங்கிக் குடித்தார்.

ஒருவழியாக ரோடு முடிந்தது. கனத்த மனத்தோடு அபராதத்தைக் கட்டினார். பொங்கியண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தெருவே கூடி நின்று கைதட்டியது.

அப்போது புது ரோட்டில் ஒரு டூரிஸ்ட் பஸ் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

“ஏனுங்க, ஊட்டி டூருக்கு புக் பண்ணின தெரு இதுதானுங்களா? ரோடு கான்ட்ராக்டர் அபராதம் கட்டுனதும் வாடகை தர்றோம்னு, ரோட்டுக்குப் பூஜை போட்ட அன்னிக்கே சொல்லி வெச்சிருந்தாங்க!”