சம்பந்தி விருந்தில் விழுந்த வெயில்

வெளிச்சத்துக்காகக் காத்திருப்பவர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. பிரான்சில் எங்கள் ஸேன் நதிக்கரையில் தடுக்கி விழுந்தால் அவர்களில் ஒருவர் மேல்தான் விழவேண்டும். முகத்துக்குப் பதில் ஊதாத் தீற்றலும், மரத்துக்குப் பதில் பச்சைக் குழம்பும் அப்பிவிட்டு, “தள்ளி நின்னு பாருங்க” என்பார்கள். எவ்வளவு தள்ளி? படம் கண்ணில் படாத தூரம் என்பது எங்கள் ஊர் ரொட்டிக்காரரின் அபிப்பிராயம்.

ஓவியர் ஃபுல்ஜான்ஸ் இந்த இனத்தில் அசல் சரக்கு. அவர் பார்த்துக்கொண்டிருக்கும் பூசணியை அடுப்பில் ஏற்றக் கூடாது. நிழல் அழகாக விழுந்திருந்தால் காய்ந்த துணியைக் கொடியிலிருந்து எடுக்கக் கூடாது. மனைவி ஒனோரின் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள், அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

மகள் லியோந்தினுக்குச் சம்பந்தம் பேச, ருவான் நகரத்து வெண்ணெய் வியாபாரி குரூவேல் தன் மனைவியோடும் மகனோடும் வந்திருந்தார். ஆப்பிள் மரத்தடியில் மேசை. ஒனோரின் வாத்துக்கறியைக் கொண்டுவந்து வைத்தாள். குரூவேல் முள்கரண்டியை எடுத்தார். அவருடைய வழுக்கையில் இலைகளுக்கிடையே வெயில் விழுந்தது.

“சம்பந்தி, அப்படியே இருங்க” என்றார் ஃபுல்ஜான்ஸ்.

திரைச்சீலை வந்தது, வண்ணங்கள் வந்தன, பிறகு மேகம் வந்தது. மேகம் விலகக் காத்திருந்தார்கள். வாத்தின் மேல் கொழுப்பு உறைந்தது. மாப்பிள்ளைப் பையன் லியோந்தின் பக்கம் திரும்பியதற்கு ஓர் அதட்டல் விழுந்தது. கடைசியில் குரூவேல் எழுந்து வந்து படத்தைப் பார்த்தார்.

“இதுல நான் எங்க?”

“அந்த மஞ்சள் தீற்றல்.”

“பக்கத்துல பெருசா, லட்சணமா இருக்கே?”

“அது வாத்து.”

குரூவேல் தொப்பியைத் தேடினார். அவர் மனைவி வண்டியைப் பூட்டச் சொன்னாள். லியோந்தினின் கண்கள் நிறைந்தன.

“துடைக்காதே, கண்ணுல அந்த ஈரம் நல்லா இருக்கு” என்றார் தகப்பனார்.

ஒனோரின் எழுந்தாள். சந்தைக்குக் கொண்டுபோகும் பெரிய குடையை எடுத்துவந்து, படத்துக்கும் சூரியனுக்கும் நடுவே விரித்துப் பிடித்தாள்.

“வெளிச்சம் போயிடுச்சு. எல்லாரும் சாப்பிடுங்க.”

ஃபுல்ஜான்ஸ் கெஞ்சினார், கொஞ்சம் கத்தினார். யாரும் திரும்பவில்லை. குரூவேல் உட்கார்ந்து வாத்துத் தொடையைக் கேட்டு வாங்கினார்; காப்பி வருவதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தூரிகையோடு தனியே நின்றவரை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே வந்து உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டார். அப்புறம், ஒனோரின் எப்போதிலிருந்து இவ்வளவு நன்றாகச் சமைக்கிறாள் என்று மகளிடம் மெதுவாக விசாரித்தார்.

நீங்கள் தூரிகை பிடிப்பதில்லை, தெரியும். இருந்தாலும், “கொஞ்சம் பொறு, எல்லாம் சரியா அமையட்டும்” என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள்? அதை யாரிடம் சொன்னீர்கள் என்பதாவது நினைவிருக்கிறதா?