இன்னும் ஒரு இடியப்பம், அதற்குப் பிறகு இல்லை

நோர்பரி,
லண்டன்.

அன்பும் மரியாதையும் உரிய பெரியப்பாவுக்கு,

மன்னாரில் நீங்களும் பெரியம்மாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு இரவும் செபத்தில் கேட்கிறேன். சில நாள் நித்திரை வந்து பாதியில் விட்டுவிடுவேன். ஆனால் உங்கள் பெயர்கள் முதல் பாதியிலேயே வந்துவிடும், பயப்பட வேண்டாம். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். ஹீட்டருக்கு மட்டும் சுகமில்லை. இதை வாட்ஸ்அப்பில் போடாமல் முத்திரை ஒட்டி அனுப்புவதற்குக் காரணம், குடும்பக் குழுவில் எதை எழுதினாலும் கனடா மாமி உடனே அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்துவிடுவார். இது அப்பா அறியக் கூடாத கடிதம்.

விடயத்துக்கு வருகிறேன். அடுத்த இரண்டு வருடப் படிப்புக்கு நான் மூன்று பாடங்கள் எடுக்க வேண்டும். கணிதம், உயர் கணிதம் இரண்டிலும் வீட்டில் சண்டையில்லை. மூன்றாவது இரசாயனவியல் என்கிறார் அப்பா, நான் மருந்தாளராக வேண்டுமாம். பொருளியல் என்கிறேன் நான். இந்த மாதம் முடிவதற்குள் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியாக வேண்டும். அப்பா இந்த உலகத்தில் சொல் கேட்பது தன் அண்ணனிடம் மட்டும்தான். ஆகவே நீங்கள் தொலைபேசி எடுத்து, "எட்வேட், பிள்ளையைப் பொருளியல் படிக்க விடு" என்று சொல்ல வேண்டும். நீங்கள் வாழ்நாளெல்லாம் இரசாயனவியல் படிப்பித்தவர் என்பதும், உங்களிடமே இதைக் கேட்பது எவ்வளவு துணிச்சல் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் முழுக் கதையையும் எழுதுகிறேன்.

ஐலா ரண்டனென் என்ற பின்லாந்துப் பெண்மணியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் தெரியாது, நூலகத்தில் மழைக்கு ஒதுங்கிக் கைக்கு எட்டிய புத்தகம் ஒன்றை எடுக்கும்வரை. மத்திய வங்கிகளில் வேலை செய்த பெண்களின் பேட்டிகள் அதில் இருந்தன. அட்டை சாம்பல் நிறம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள் மாதிரி இருக்கிறது என்றாள் என் சிநேகிதி கோசிகா. ஆனால் பெரியப்பா, நான் வாசிக்கத் தொடங்கி, மழை விட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. வடக்கே ஒரு சின்ன ஊரில், மரம் அரியும் ஆலையில் வேலை செய்தவரின் மகள் அவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த நாட்டின் பொருளாதாரம் சரிந்து, நாணயத்தின் மதிப்பு விழுந்து, கூட்டம் கூட்டமாக ஆட்கள் வேலையிழந்த காலத்தில், மத்திய வங்கியின் ஆகக் கடைசி மேசையில் இருந்த இளம் பொருளியலாளர். அந்த அறையில் இருந்த ஒரே பெண். ஒரு கூட்டத்தில் கோப்பி ஊற்றச் சொன்னார்களாம். தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு போய்த் தன் கதிரையில் இருந்துவிட்டாராம். அங்கிருந்து துணை ஆளுநர்வரை வந்து, பிறகு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து வட்டி வீதத்தைத் தீர்மானிக்கும் மேசைவரை போனவர். இப்போது லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார். அவர் சொன்ன ஒன்று என் மனதில் ஒட்டிக்கொண்டது: மத்திய வங்கியிடம் படையும் இல்லை, பொலிசும் இல்லை; முன்கூட்டியே சொல்வதும், சொன்னபடி செய்வதும் மட்டும்தான் அதன் பலம்.

இதை இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். பாங்கில் வேலை என்றால் கவுண்டரிலா என்று அப்பா கேட்டார். கவுண்டர் இல்லை, மற்ற பாங்குகளுக்கெல்லாம் பாங்க், வட்டி ஏறுவதும் இறங்குவதும் அவர்கள் கையில் என்று விளங்கப்படுத்தினேன். அப்பா கறிக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப எங்கட மோர்ட்கேஜ் ஏறினது இவவாலயோ?"

"அது இங்கத்தைய பாங்க், அப்பா. இவ பின்லாந்து."

"எல்லாம் ஒரு கூட்டம்தான்."

இந்த நிலையில்தான் எங்கள் கோவில் பங்கின் தமிழ்ப் பள்ளிப் பரிசளிப்பு விழா வந்தது. வழமையாக ஒரே டொக்டர்தான் பிரதம விருந்தினர். அவர் இந்த வருடம் அவுஸ்திரேலியாவுக்கு மாறிப் போய்விட்டார். வேறு யாரைக் கூப்பிடலாம் என்று தவமலர் ரீச்சர் வகுப்பில் கேட்க, நான் கை உயர்த்திவிட்டேன். மின்னஞ்சலும் நானே எழுதினேன். பதில் வந்தது: "நன்றி. வருகிறேன். எத்தனை மணிக்கு முடியும்?" எங்கள் விழா எத்தனை மணிக்கு முடியும் என்று இதுவரை மனிசர் யாரும் கேட்டதில்லை. செயற்குழு கூடி ஆராய்ந்தும் விடை கிடைக்கவில்லை.

எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதிலும் பிழை நடந்தது, பெரியப்பா. அழைப்பிதழில் நான்கு மணி என்று போட்டிருந்தோம். நான்கு என்றால் ஐந்தரை என்பது நோர்பரியில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பின்லாந்தில் தெரியாது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. நான் பதற்றத்தில் முன்னதாகவே போய் நின்றேன். நான்கு அடிக்கிற நேரம் ஐலா அம்மையார் முதுகுப்பையோடு ஸ்டேஷன் பக்கமிருந்து நடந்து வந்தார். மண்டபம் பூட்டிக் கிடந்தது. கதவுத் திறப்பு இருந்தது குழுத் தலைவர் கொட்வின் அங்கிளிடம். கொட்வின் அங்கிள் மாலை வாங்க சவுத்தாலுக்குப் போய், வாகன நெரிசலில் மாலையோடு நிற்கிறார். மழையும் தொடங்கிவிட்டது. எனக்கு வேறு வழி தெரியவில்லை, அடுத்த தெருவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டேன். கதவைத் திறந்த அப்பா சாரத்தோடும், ஒரு கன்னத்தில் மட்டும் சவர நுரையோடும் நின்றார். ஐலா அம்மையார் கை நீட்ட, அப்பா தன் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுக் கொடுத்தார். உங்கள் தம்பி ஐரோப்பாவின் வட்டி வீதத்தோடு கை குலுக்கியது இப்படித்தான்.

அம்மா விழாவுக்கென்று இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தா. சாப்பிடுங்கோ என்று கேட்க, அவர் வேண்டாம், சாப்பிட்டுவிட்டேன் என்றார். எங்கள் வீட்டில் முதல் 'வேண்டாம்' மரியாதைக்குச் சொல்வது, அதனால் தட்டு வந்தது. அவர்களுடைய ஊரில் தட்டில் வைத்ததை மிச்சம் விடுவது மரியாதையில்லை, அதனால் அவர் முழுவதையும் சாப்பிட்டார். எங்களிடம் வெறும் தட்டு என்றால் இன்னும் பசி என்று அர்த்தம், அதனால் அம்மா திரும்பப் போட்டா. அவர் திரும்ப முடித்தார். நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். இதில் பிழை செய்பவர் யாருமில்லை, ஆனால் இது நிற்கவும் போவதில்லை என்று எனக்கு விளங்கியது. குசினிக்குள் அம்மா கண் கலங்கி, "பாவம், எவ்வளவு பசியில வந்திருக்குது பிள்ளை, மற்றத் தட்டையும் எடு" என்றா. பிள்ளைக்கு அறுபது வயதிருக்கும்.

இதற்கிடையில் முகத்தைக் கழுவி வேட்டி கட்டி வந்த அப்பா, வட்டி எப்போது இறங்கும் என்று கேட்டார். ஐலா அம்மையார் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அப்பா சுற்றி வளைத்து, வரும் சித்திரையில் ஒருவர் வீடு மாற நினைத்தால் என்ன செய்யலாம் என்று கேட்டார். அதற்கும் பேசவில்லை. கடைசியில், அந்த ஒருவர் தன் சிநேகிதன் என்றார் அப்பா. ஐலா அம்மையார் சொதியை வழித்துச் சாப்பிட்டார். எத்தனையோ வருடம் தன் ஒரு சொல்லால் சந்தை ஆடிவிடக் கூடாது என்று வாயைக் காத்தவரிடம், அப்பாவா பிடுங்கப் போகிறார்?

மூன்றாம் தட்டு வரும்போதுதான் அது நடந்தது. அவர் கையை உயர்த்தி, அம்மாவின் கண்ணை நேரே பார்த்து, அமைதியாகச் சொன்னார்.

"இன்னும் ஒன்று. அதற்குப் பிறகு இல்லை."

அம்மா ஒன்று வைத்தா. அவர் சாப்பிட்டார். அம்மா, கை பழக்கத்தில், இன்னொன்று வைத்தா. அவர் அதைத் தொடவில்லை. கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை; கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அந்த இடியப்பம் தட்டின் நடுவில் தனியே கிடந்தது. எங்கள் வீட்டில் இதுவரை ஒருவருடைய 'இல்லை' நின்றதில்லை, பெரியப்பா. நாங்கள் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அம்மா தட்டை எடுத்துக்கொண்டு என் காதில் கேட்டா: "இதுதானோ அவ பாங்கில செய்த வேலை?"

"ஓமம்மா. இதேதான்."

"அப்ப லேசான வேலையில்லை" என்றா அம்மா.

ஒருவழியாக மண்டபம் திறந்தது. பள்ளிச் செயலாளர் என்ற முறையில் அப்பா அறிமுகவுரை வாசித்தார். நான் எழுதிக் கொடுத்ததுதான், ஆனால் வாசிக்க வாசிக்க வளர்ந்தது. பின்லாந்தின் ஆளுநர் என்றார், யூரோவை உருவாக்கிய தாய் என்றார், கைதட்டல் கேட்டதும் உலக வங்கிகளின் அரசி என்றார். கொட்வின் அங்கிள் கழுத்து மறையுமளவு மாலை போட்டார். தவமலர் ரீச்சர் இதையெல்லாம் பக்கத்தில் இருந்து அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறா. ஐலா அம்மையார் எழும்பி, முதலில் மாலையைக் கழற்றிக் கதிரையில் வைத்தார். பிறகு, தான் ஆளுநர் இல்லை, துணை ஆளுநர் என்றார். யூரோவைப் பலர் சேர்ந்து செய்தார்கள், தான் அப்போது விலைவாசிக் கணக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். தனக்குக் கிடைத்த புகழைத் தானே குறைத்த பிரதம விருந்தினரை எங்கள் மண்டபம் அன்றுதான் கண்டது. பிறகு ஒரே ஒரு கதை சொன்னார். அவர் வங்கியில் சேர்ந்த வருடம் அவருடைய அப்பாவின் ஆலை மூடப்பட்டதாம். "நீ பாங்கில் இருக்கிறாயே, ஏன் இப்படி நடந்தது?" என்று அப்பா கேட்டாராம். தெரியாது, தெரிந்ததும் சொல்கிறேன் என்றாராம். தெரிந்துகொள்ள வருடக்கணக்காயிற்று. தெரிந்ததும் ரயிலேறி ஊருக்குப் போய், ஒரு பின்னேரம் முழுக்க இருந்து விளங்கப்படுத்தினாராம். அப்பா கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி, கோப்பி ஆறுது" என்றாராம். "என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். எங்கள் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை நான் பார்த்தேன்.

அதனால் வீட்டுக்கு நடந்து வரும்போது, அவ எப்படி என்று அப்பாவிடம் துணிந்து கேட்டேன். அவ கெட்டிக்காரிதான், ஒரு தரம் சொன்னால் சொன்னதுதான், மனிசர் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்றார் அப்பா. அப்போ நான்? "நீ கெமிஸ்ட்ரி" என்றார். ஏன் என்று கேட்டேன். அப்பா, "நாளைக்கு எந்த நாட்டுக்குத் துரத்தினாலும் அங்க ஒரு மருந்துக்கடை இருக்கும், பிள்ளை" என்றார். ஆனால் பெரியப்பா, எங்கட அப்பா ஒவ்வொரு மாதமும் அந்த மோர்ட்கேஜ் காசு போகேக்க, ஏன் இப்படி ஏறுது என்று என்னைத்தான் கேட்கிறார். எனக்கும் ஒருநாள் அவரைக் கதிரையில இருத்தி, முழுக்க விளங்கப்படுத்தி, "சரி, தேத்தண்ணி ஆறுது" என்று அவர் சொல்லக் கேட்க வேணும் போல கிடக்கு. அவ்வளவுதான் என்ர ஆசை. நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும்.

பெரியம்மாவுக்கும் அவவின் முழங்காலுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். மடு மாதாவிடம் போகும்போது என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்தாலும் உங்கள் கை என் தலையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு முடிக்கிறேன்.

பணிவன்புடன்,
உங்கள் பெறாமகள்
ஜெஸ்ரின்

பி.கு.: முத்திரை வாங்குவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. பூசை முடிந்து கோவில் வாசலில் கொட்வின் அங்கிள், பிள்ளை என்ன படிக்கப் போகுது என்று கேட்க, அந்தக் கோப்பிக் கதை மனதில் கிடந்ததோ என்னவோ, அப்பா பங்கு மக்கள் எல்லாருக்கும் கேட்கக்கூடியதாக, "பொருளியல்" என்று சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோசத்தில் கால் நிலத்தில் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஐலா அம்மையாரிடமிருந்து மின்னஞ்சல், மூன்றாவது பாடம் எது என்று நான் கேட்டு எழுதியதற்குப் பதில். பொருளியலைப் பல்கலைக்கழகத்தில் முதலிலிருந்தே சொல்லித் தருவார்களாம், அதற்கு இப்போது வேண்டியது கணிதம்தானாம்; மூன்றாவது பாடத்துக்குத் தன்னைக் கேட்டால் இரசாயனவியல்தான், பள்ளிக்கூடத்தில் தனக்கு ஆக விருப்பமான பாடம் அது என்று எழுதியிருக்கிறார். ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். அப்பா ஆற அமர வாசித்துவிட்டு, வாசலில் வைத்துச் சொல்லியாயிற்று, இனி மாற ஏலாது, சொன்னபடி செய்வதுதான் பலம் என்கிறார். ஆகவே பெரியப்பா, தயவுசெய்து மேலே எழுதியதையெல்லாம் தலைகீழாக்கி, அப்பாவுக்கு உடனே தொலைபேசி எடுத்து, பிள்ளையை இரசாயனவியல் படிக்க விடச் சொல்லுங்கள். அது முதலில் அப்பாவின் யோசனை என்பதை மட்டும் அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டாம்.