சொந்த மகளுக்கு அவுட் கொடுத்த விவரம்

வில்லோ பெண்ட், நெப்ராஸ்கா
புதன்கிழமை மாலை

அன்பும் அதட்டலும் ஒருநாளும் குறையாத டோரீன் அக்காவுக்கு,

தம்பி லேலண்ட் பணிவுடன் எழுதிக்கொள்வது. டூசான் வெயில் உன்னையும் அத்தானையும் அதிகம் வாட்டவில்லை என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் இப்போது மடங்குகிறதா? இங்கே நான், ஜானின், மார்னி மூவரும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனா தயங்குகிறது. ஃபோனில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பாய். ஃபோனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை முடித்துவைக்கும் பொறுப்பைச் சின்ன வயதிலிருந்தே நீ எடுத்துக்கொண்டிருக்கிறாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. ஆகையால் முழுவதும் படி.

என் வேண்டுகோளை முதலிலேயே வைத்துவிடுகிறேன். வரும் ஞாயிறு நீ ஜானினுடன் பேசும்போது, மார்னியைப் பேஸ்பாலிலிருந்து நிறுத்திவிட்டுப் பியானோவில் சேர்க்கலாமே என்று நீயாக யோசித்த மாதிரி சொல்ல வேண்டும். நான் சொன்னேன் என்று தெரியக் கூடாது. இதைச் செய்யும் கடமை உனக்கு உண்டு. ஏனென்றால் எல்லாம் உன்னால் வந்தது.

ஒமாஹாவை விட்டு இந்த ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை எடுத்து வந்தபோது, "புது ஊரா? புள்ளையப் பேஸ்பால்ல சேர்த்துவிடு. நீ மடக்கு நாற்காலியில உட்கார்ந்து கை தட்டினா போதும், ஊரே உன் ஊர் ஆயிடும்" என்று சொன்னாய் அல்லவா. மடக்கு நாற்காலி வாங்கினேன் அக்கா. இன்றுவரை அதை விரிக்கவில்லை. பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் பெயர் பதிவு செய்யப் போனால், அங்கே லீக்கின் தலைவி வெர்லா என்ற அம்மாள் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் மார்னியைக் காட்டி, "இவளுக்குப் பத்து வயசு, இதுவரைக்கும் மட்டையைத் தொட்டதில்லீங்க" என்றேன். "அதனால என்ன, இங்க எந்தப் புள்ளையையும் பெஞ்சிலேயே உட்கார வைக்கமாட்டோம். நல்லா ஆடுனாலும் ஆடலைன்னாலும் எல்லாரும் மட்டை பிடிக்கணும், எல்லாரும் களத்துல நிக்கணும், அதுதான் எங்க சட்டம்" என்றார். கேட்கவே இதமாக இருந்தது. "ரொம்ப நல்ல சட்டம்ங்க" என்றேன். "பெத்தவங்களுக்கும் அதே சட்டம்தான்" என்றார் அவர், பேனாவை என் பக்கம் நீட்டி.

அன்றிலிருந்து நான் பெஞ்சில் உட்காரவில்லை. மார்னி சேர்ந்தது ஊரின் கோழித்தீவனக் கடை உபயத்தில் நடக்கும் அணி, சட்டை முதுகில் பெரிய பெட்டைக்கோழி. மற்ற அணிகளுக்கு வங்கி, பல் மருத்துவர், இறுதிச்சடங்கு நிலையம் என்று ஆளுக்கொரு புரவலர். ஜானினுக்குத் தின்பண்டக் கடையில் வேலை போட்டார்கள். இடுக்கியும் கையுமாக ஹாட்டாக் புரட்டுவது, வீடுகளிலிருந்து வரும் கொலாச்சி பன்களை அடுக்குவது. ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் முடித்து வந்த கையோடு அதையும் அவள் சிரித்த முகமாகச் செய்தாள், நாலே வாரத்தில் அவளுக்கு ஊரில் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தது. எனக்குக் கொடுத்தது மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் வேலை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நேராகத்தான் போனேன், திரும்பிப் பார்த்தால் கோடு ஆறு மாதிரி வளைந்து போயிருக்கிறது. கோச் டீட்மன், சிமெண்ட் லாரி ஓட்டுகிற மனிதர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என்னைக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "கூபிசெக், நீங்கதானே எங்க அம்மாவுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "அதான் அவங்க காரை வேலியில ஏத்திட்டாங்க" என்றார்.

கோட்டோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். மே மாதம் விடிய விடிய மழை பெய்தது, ஆட்டம் பத்து மணிக்கு, பெற்றோர் எல்லாரும் விடியற்காலையிலேயே வாளியும் வாருகோலுமாக வந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தோம், கடைசியாக, மட்டை பிடிப்பவர் நிற்பதும் ஓடி வருபவர் தொட்டு முடிப்பதுமான ஹோம் ப்ளேட் பக்கத்தில் சேறு மட்டும் வற்றவே இல்லை. கொட்டகையில உலர்த்துற தூள் மூட்டை இருக்கு, கொண்டாந்து கொட்டுங்கன்னு யாரோ சொன்னாங்க. நானும் போயி ஒரு மூட்டையைத் தூக்கிட்டு வந்து தாராளமாக் கொட்டினேன். அது புரவலர் அன்பளிப்பாக் கொடுத்து வச்சிருந்த கோழித்தீவனம். மாவட்டத்தில இருக்கிற கருங்குருவி எல்லாம் வந்து இறங்கிடுச்சு அக்கா. பந்து போடுற பையன் கையை ஓங்குவான், குருவி எல்லாம் எழும்பும், மட்டை பிடிக்கிற பையன் குனிஞ்சு தலையை மூடிக்குவான். ஆட்டத்தை மதியத்துக்குத் தள்ளி வச்சாங்க. புரவலர் மட்டும் சந்தோஷப்பட்டார், தன் சரக்குக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாதுன்னு.

இத்தனைக்கும் நடுவுல மார்னியைப் பத்திச் சொல்லணும். முதல் நாலு ஆட்டத்துல அவ பந்து வராத மூலையில நின்னு வானத்தைப் பார்த்துக்கிட்டிருந்தா. மட்டை பிடிச்சா மூணு வீச்சு, மூணும் காத்துக்கு. புதுப் பள்ளிக்கூடத்துல இவளுக்கு ஒரு சிநேகிதியும் கெடையாது, பகல் சாப்பாட்டைத் தனியாத்தான் சாப்பிடுறான்னு எங்களுக்குத் தெரியும், கேட்டா "எனக்குப் பசியோட பேசப் பிடிக்காது"ம்பா. ஆனா ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் கோழிச் சட்டைக் கூட்டம் மொத்தமும் ஒரே பெஞ்சுல நெருக்கி உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறிச்சுத் துப்பிக்கிட்டிருக்கும், அதுல நடுவுல இவ உட்கார்ந்திருப்பா. அதைப் பார்க்கிறதுக்காகவே நான் எத்தனை மூட்டை வேணும்னாலும் தூக்கியிருப்பேன்.

அப்புறம்தான் போன சனிக்கிழமை வந்தது. இறுதிச்சடங்கு நிலையத்து அணியோட ஆட்டம், ஜெயிச்சவங்க இறுதி ஆட்டத்துக்குப் போவாங்க. வழக்கமா அம்பயரா நிக்கிறவர் எல்ட்ரிட்ஜ்னு ஓய்வுபெற்ற தபால்காரர். அவருக்கு அன்னைக்குக் காலையில சிறுநீரகக் கல் வலி எடுத்துருச்சு. வெர்லா அம்மா முகமூடியும் நெஞ்சுக் கவசமும் கையில வச்சுக்கிட்டுப் பெற்றோர் கூட்டத்தைச் சுத்திப் பார்த்தாங்க. எல்லாரும் ஷூ கயிறு கட்டக் குனிஞ்சாங்க. கயிறில்லாத ஷூ போட்டுக்கிட்டு வந்தவன் நான் ஒருத்தன்.

"நீங்க கண் டாக்டர்தானே?"

"கண்ணாடி மட்டும்தாங்க விக்கிறேன்."

"அது போதும்."

"என் பொண்ணு இந்த ஆட்டத்துல ஆடுறாளே, அது சரியா இருக்குமா?"

"இந்த ஊர்ல யாரைக் கூப்பிட்டாலும் ஏதோ ஒரு புள்ளைக்கு அப்பாவாத்தான் இருப்பாங்க. புள்ளையே இல்லாதவர் எல்ட்ரிட்ஜ் ஒருத்தர்தான், அவருக்குக் கல்லு" என்று சொல்லிவிட்டு, என் தலையில் முகமூடியை மாட்டிவிட்டார்.

கடைசி இன்னிங்ஸ் வரைக்கும் எப்படியோ ஓட்டிட்டேன். பின்னாலிருந்து, "கண்ணாடிக்காரரே, உங்க கண்ணாடியைத் தொடைங்க"ன்னு ரெண்டு பக்கமும் சமமாத் திட்டினாங்க, அதனால ஆட்டம் நியாயமாத்தான் போகுதுன்னு நெனச்சுக்கிட்டேன். கோழி அணி ஒரு ஓட்டம் பின்னால. ரெண்டு பேர் அவுட். மார்னி இரண்டாவது தளத்துல நிக்கிறா. இந்த சீசன்ல முதல் தடவையா பந்தை அடிச்சு அங்க போய்ச் சேர்ந்திருக்கா. அடுத்த பையன் அடிச்ச பந்து வேலி வரைக்கும் உருண்டுச்சு. மார்னி ஓடுறா. கோச் டீட்மன் காத்தாடி மாதிரி கையைச் சுத்துறார். அவ வந்து சேர்ந்தா ஆட்டம் சமன், சேரலைன்னா அத்தோட சீசன் முடிஞ்சது. தொப்பி பறந்து போச்சு, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. புழுதியில சறுக்கிக்கிட்டு வந்தா, அதே நேரம் பந்தும் வந்தது, பந்தைப் பிடிக்கிற பையன் குனிஞ்சான். அக்கா, இந்த சீசன் முழுக்க நான் ஒண்ணையும் ஒழுங்காப் பார்த்ததில்லை. அதை மட்டும் பார்த்தேன். பந்தோட அவன் கையுறை இவ முட்டியில பட்டுச்சு. அதுக்கப்புறம்தான் இவ கால் ப்ளேட்டுல பட்டுச்சு. நடுவுல ஒரு விரக்கடை இருக்கும்.

"அவுட்" என்றேன்.

ஜெயிச்ச அணிக்காரங்களே கை தட்ட மறந்துட்டாங்க. தின்பண்டக் கடை ஜன்னல் வழியா ஜானின் இடுக்கியோட பாதி உடம்பை வெளியே நீட்டி, "லேலண்ட், அது நம்ம மார்னி" என்றாள், ஏதோ எனக்கு ஆள் அடையாளம் தெரியாத மாதிரி. கோச் டீட்மன் பக்கத்தில வந்து, "கூபிசெக், புழுதி ஜாஸ்தி, இன்னொரு தடவை நல்லா யோசிச்சுச் சொல்லுங்க"ன்னார். "யோசிக்க ஒண்ணுமில்லீங்க, பார்த்துட்டேன்"னேன். நான் சேஃப்னு சொல்லியிருந்தா எதிரணித் தாய்மார்கூட ஆட்சேபிச்சிருக்க மாட்டாங்க, அந்தப் புள்ளை ஓடி வந்த வேகத்துக்கு. அது எனக்கும் தெரியும். ஆனா கடையில நாள் முழுக்க நான் ஆளுங்ககிட்ட சொல்றது ஒண்ணுதான்: என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்க, தெரியணும்னு நீங்க ஆசைப்படுறதைச் சொல்லாதீங்க. பொய்யாச் சொன்னா கண்ணாடி தப்பாப் போயிடும். அந்த வாயால வேற சொல்லு வரலை. முகமூடியைக் கழட்டிட்டு மண்டி போட்டு மார்னியோட முட்டியிலிருந்த புழுதியைத் தட்டிவிட்டேன். "அப்பாவை மன்னிச்சிரு கண்ணு, மன்னிச்சிரு" என்றேன், எல்லார் முன்னாலயும். அவ உதட்டைக் கடிச்சுக்கிட்டு எழுந்து போயிட்டா.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு மேசையில், "அம்மா, உருளைக்கிழங்கு அவர் பக்கத்துல இருக்கு" என்கிறாள். நான் எடுத்துக் கொடுத்தால், "அம்மா, அவருக்கு நன்றி" என்கிறாள். ஜானின் நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், அவள் முகமும் சரியில்லை. திங்கட்கிழமை கடையைத் திறக்கப் போனால் கதவில் யாரோ கண் பரிசோதனை அட்டையின் உச்சியில் இருக்கும் பெரிய "E" எழுத்தை மட்டும் வரைந்து ஒட்டி, கீழே "இதாவது தெரியுதா?" என்று எழுதியிருக்கிறார்கள். நான் விற்ற கண்ணாடி வழியாகவே ஊர் என்னை முறைக்கிறது. ஒரு பெண்மணி கண்ணாடிக் காதை இறுக்க வந்து, "புள்ளை முகத்தைப் பார்த்தீங்களா? அதுக்குக் கண்ணாடியே தேவையில்லையே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அது மற்ற எல்லாவற்றையும்விட உள்ளே போய்விட்டது. ஒரே ஒரு இடத்தில்தான் என் பெண்ணுக்குச் சிநேகிதம் கிடைத்தது, அந்த பெஞ்சை நானே அவள் அடியிலிருந்து உருவிவிட்டேன். அதனால்தான் பியானோ. பியானோவில் அம்பயர் கிடையாது. தயவுசெய்து ஞாயிறு மறக்காதே.

அத்தானுக்கு என் அன்பு. உன் தோட்டத்துக்கு வேண்டிய மழையும், உனக்கு வேண்டிய பொறுமையும், எனக்கு வேண்டிய உன் ஆதரவும் குறைவில்லாமல் கிடைக்கட்டும்.

என்றும் உன் சொல்லைக் கேட்டு மாட்டிக்கொள்ளும் தம்பி,
லேலண்ட்

பி.கு.: ஒட்டின உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெர்லா அம்மாள் வந்தார். நான் முந்திக்கொண்டு, இனி எங்கள் குடும்பம் லீக்கில் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் அது காதில் விழாதவர்போல, "சனிக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு நீங்கதான் அம்பயர். ரெண்டு அணிப் பெத்தவங்களும் உங்களைத்தான் கேட்கிறாங்க. திட்டிக்கிட்டேதான் கேட்கிறாங்க" என்றார். முடியவே முடியாது, என் பெண் மனசை உடைத்தது போதும் என்றேன். அப்போது மார்னி முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்துப் பேசினாள்.

"நான் அவுட்டுதான்பா. கையுறை முட்டியில பட்டது எனக்குத் தெரியாதா? அவுட் கொடுத்ததுக்கா நான் கோவமா இருக்கேன்?"

"பின்ன எதுக்கும்மா?"

"நீ எதுக்கு மன்னிப்புக் கேட்ட? எல்ட்ரிட்ஜ் தாத்தா யாருகிட்டயாவது மன்னிப்புக் கேட்டிருக்காரா? யாரோட முட்டியையாவது தட்டி விட்டிருக்காரா? எங்க அணி மொத்தமும் பார்த்துச்சு. நான் அழப்போறேன்னு நெனச்சு ஆளுக்கு ஒரு பிடி விதை கொடுத்தாங்க. எனக்கு ரொம்ப அவமானமாப் போச்சு."

வெர்லா அம்மாள் உருளைக்கிழங்குக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இலையுதிர்காலப் பதிவு அடுத்த வாரம்" என்றார். "என் பேரை எழுதிக்கோங்க" என்றாள் மார்னி.

ஆகவே, அக்கா, மேலே எழுதியது எதையும் நீ படிக்கவில்லை. ஞாயிறு ஃபோனில் பியானோ என்ற சொல்லே வரக் கூடாது. மார்னி என்னிடம், "சனிக்கிழமை நீ வரலாம். ஆனா யாருகிட்டயும் மன்னிப்புக் கேட்கக் கூடாது, சரியா?" என்றாள். இத்தனை நாள் இது புரியாமல் போனதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். ஜானின் மேசைக்கடியில் என் காலை ஓங்கி மிதித்தாள்.