துபாய்க் கம்பி

இதை எனக்கு முதலில் சொன்னது செபாஸ்டியன் தம்பியேதான். தொண்ணூற்றொன்றில், ஈஸ்டருக்கு மறு ஞாயிறு, பூசை முடிந்ததும் பட்டாபிராம் கோயில் வாசலில் என்னை நிறுத்திவைத்துச் சொன்னார். முகமெல்லாம் சிவந்திருந்தது. நான் அடுத்த குவார்ட்டர்ஸ்காரி, ஜெபக்கூட்டம் நடத்துகிறவள், நியாயம் சொல்வேனாம்.

பாட்டுக்குழுவில் அவர் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர். நாலே கம்பி, நாலும் தடி. மீன் வறுவல் தின்ற கையோடு வாசிப்பார். எண்ணெய் ஏறி ஏறி, சத்தம் ஈரச் சாக்கைத் தட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. கையைக் கழுவிவிட்டு வாசிக்கச் சொன்னாள் மனைவி ஞானகுமாரி. அவரோ கம்பிதான் கிழடாகிவிட்டது என்று சாதித்தார். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று நாலையும் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"குப்பையில போடு. துபாய்ல கீற உங்கண்ணன் புதுசு அனுப்பட்டும். அதுவரிக்கும் கிட்டாரத் தொட மாட்டேன். ஈஸ்டருக்குள்ள வரலன்னா, உங்க ஊட்டு லட்சணத்த கோயில்லயே சொல்லுவேன்."

தவக்காலத்தில் நாங்களெல்லாம் கறியை விட்டோம். இவர் கிட்டாரை விட்டார். மீன் வறுவலை விடவில்லை.

பெரிய வெள்ளி வரைக்கும் துபாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. பிறந்த வீட்டு மானம் போகப்போகிறதே என்று ஞானகுமாரி சோறு இறங்காமல் இருந்தாள். சனிக்கிழமை காலையில் ஒரு உறையை நீட்டி, "இந்தாங்க" என்றாள். உள்ளே பளபளவென்று நாலு கம்பி.

மாட்டினார். வீட்டில் ஆம்ப்ளிஃபயர் கிடையாது. கிட்டாரின் கொம்பை மர பீரோவில் அழுத்தி வாசித்தால் பீரோவே பாடும். மேலே இருந்த டம்ளரெல்லாம் ஆடின. என்னையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தார்.

"கேளுங்கக்கா, மணி மாதிரி கீது. முனையக்கூட மடக்கியே அனுப்பிக்கிறான், நமக்கு வேலை மிச்சம். வெளிநாட்டுக்காரன் வெளிநாட்டுக்காரன்தான்."

நானும் தலையாட்டினேன். அன்று நள்ளிரவு ஈஸ்டர் பூசையில் சாமியாரே பாராட்டினார். மறுநாள் காலை நான் கொடுத்தனுப்பிய இட்லியில் எட்டைத் தின்றுவிட்டு, கோளாறு கையிலா கம்பியிலா என்று மனைவியைக் குத்திக்காட்டினாராம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் அண்ணன் லீவில் வந்து இறங்கினார். கையில் புதுக் கம்பி. லேட்டாகிவிட்டது, மன்னிக்கணும் என்றாராம்.

"நான் மாட்டினது அதே பழசுக்கா! போன தடவை வந்த உறைய எடுத்து வெச்சிருந்திருக்கா. இட்லிப் பானையில தண்ணி ஊத்தி, ஆப்ப சோடா போட்டு, கொதிக்கவுட்டு, வெயில்ல காயப்போட்டுக்கிறா. முனைய மடக்கினவன் நான்தான், மூணு வருசத்துக்கு முந்தி. ஏன்டி ஏமாத்தினன்னு கேட்டா, 'நான் இந்தாங்கன்னுதான் சொன்னேன், புதுசுன்னு சொன்னது நீங்க'ங்கறா."

புதுக் கம்பி எங்கே என்று கேட்டேன். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாளாம். பழசுக்கும் புதுசுக்கும் இவர் காதுக்கு வித்தியாசம் தெரிகிற அன்றைக்குத் திறப்பாளாம்.

"இது சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லவேண்டிய பாவமா இல்லியா? நீங்களே சொல்லுங்கக்கா."

பெரிய வியாழனன்று ஞானகுமாரி என்னிடம் இட்லிப் பானை வாங்கிப்போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது. திரும்பி வந்தபோது உள்ளே கறுப்பாக ஒரு வளையம் இருந்தது. தேய்த்துப் பார்த்தேன், முழுதாகப் போகவில்லை. அதில்தான் ஈஸ்டர் இட்லி அவித்தேன்.

அவர் இன்னும் அதே கம்பியில்தான் வாசிக்கிறார். கோயிலில் அவரைப் பார்த்தால், பானை யாருடையது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.